நிறுவனங்கள் இயற்கைக்குக் கணக்கு வைப்பது எப்படி?

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் அண்மைக் காலமாகப் புதிய அத்தியாயம் ஒன்று சேர்ந்திருக்கிறது. இயற்கைசார் இடர், பல்லுயிர்த் தாக்கம், சூழல் சார்பு என்ற தலைப்புகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மரம் நடும் விழாவுக்கு வைத்த புதுப் பெயரா இது, அல்லது கார்பன் குறைப்பின் இன்னொரு கிளையா என்று படிப்பவருக்குச் சந்தேகம் வருகிறது. இரண்டும் இல்லை. ஒரு நிறுவனம் எந்த ஆற்றை, எந்த மண்ணை, எந்தக் காட்டை நம்பிப் பிழைக்கிறது, அவற்றை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப வாங்குவதையும் கட்டுவதையும் விற்பதையும் மாற்றிக்கொள்வதுதான் இதன் சாரம். அறிக்கை எழுதுவது அதன் கடைசிப் படி.

## முதலில் மூன்று சொற்கள்

1. சார்பு: நிறுவனம் இயற்கையிடமிருந்து பெறுவது. நீர், மரம், மீன் போன்ற பொருள்கள் ஒரு வகை. மகரந்தச் சேர்க்கை, வெள்ளத்தை உள்வாங்கும் சதுப்புநிலம், மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேர்கள் போன்ற சேவைகள் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஓரளவேனும் விலை உண்டு. இரண்டாம் வகைக்கு யாரும் ரசீது அனுப்புவதில்லை. அதனாலேயே அது கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

2. தாக்கம்: நிறுவனம் இயற்கைக்குச் செய்வது. காட்டை அழிப்பதும் இதில் சேரும். சீர்கெட்ட நிலத்தை மீட்பதும் சேரும்.

3. இடர்: மேலே சொன்ன இரண்டாலும் நிறுவனத்துக்கு வரக்கூடிய இழப்பு.

இந்த மூன்றும் எப்படித் தொடர்புபடுகின்றன என்பதற்கு ரைன் நதி நல்ல உதாரணம். 2018-இல் அதன் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனம் தன் மூலப்பொருள்களில் கணிசமான பங்கை அந்த நதி வழியாகச் சரக்குப் படகுகளில் கொண்டுவருகிறது. படகுகளால் முழுச் சுமையோடு ஓட முடியவில்லை. உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு இதனால் ஏற்பட்ட இழப்பு சுமார் 25 கோடி யூரோ என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. நதியின் ஆழம் எந்த நிறுவனத்தின் சொத்துப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆனால் அது குறைந்தபோது லாபம் குறைந்தது.

தாக்கம் இடராக மாறுவதற்கு அதிக காலம் பிடிக்கலாம். மாறும்போது சில நேரங்களில் ஒரே நாளில் மாறிவிடுகிறது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாதின்யோவில் வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். சேறு ஆற்றில் கலந்து பரவியது. 2021-இல் அந்நிறுவனம் மாநில அரசோடும் பிற அரசு அமைப்புகளோடும் செய்துகொண்ட இழப்பீட்டு உடன்பாட்டின் மதிப்பு 3,770 கோடி ரெயால். 270 உயிர்களை ‘இடர்’ என்ற நிர்வாகச் சொல்லுக்குள் அடக்குவது நியாயமில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிறுவனத்துக்கு வரும் இழப்பு வேறு, நிறுவனத்தால் மற்றவர்களுக்கு வரும் இழப்பு வேறு. இந்த வேறுபாடு பின்னால் மீண்டும் வரும்.

## இந்தப் பேச்சு ஏன் இப்போது வலுத்தது

பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் குழு 2019-இல் தன் உலகளாவிய மதிப்பீட்டை வெளியிட்டது. சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழிவின் அபாயத்தில் இருக்கின்றன என்றது. இழப்புக்கு ஐந்து நேரடிக் காரணங்களையும் வரிசைப்படுத்தியது: நிலமும் கடலும் பயன்படுத்தப்படும் விதம் மாறுவது, உயிரினங்களை அளவுக்கு மீறி எடுப்பது, காலநிலை மாற்றம், மாசு, அயல் இனங்களின் ஊடுருவல். இந்த ஐந்தும் பெரும்பாலும் தொழில் நடவடிக்கைகள் வழியாகவே நடக்கின்றன. அதனால் கேள்வி நேரே நிறுவனங்களை நோக்கித் திரும்பியது.

வழக்கமாகச் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசாத இடங்களிலிருந்தும் குரல் எழுந்தது. நெதர்லாந்து மத்திய வங்கி 2020-இல் தன் நாட்டு நிதி நிறுவனங்களின் முதலீடுகளை ஆராய்ந்தது. ஆராயப்பட்ட முதலீடுகளில் 36 சதவீதம், இயற்கையின் ஏதேனும் ஒரு சேவையையாவது பெரிதும் சார்ந்த தொழில்களில் இருப்பதைக் கண்டது. பின்னர் ஐரோப்பிய மத்திய வங்கி, யூரோ பகுதி நிறுவனங்களில் சுமார் 72 சதவீதம் அப்படிச் சார்ந்திருப்பதாகக் கணித்தது. கடன் கொடுத்தவருக்கு, கடன் வாங்கியவரின் கிணறு வற்றுவதும் கவலைதான்.

2022 டிசம்பரில் ஏற்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர் உடன்பாடு 23 இலக்குகளை வகுத்தது. அவற்றுள் 15-ஆம் இலக்கு, பெரிய நிறுவனங்களும் நிதி அமைப்புகளும் தங்கள் இயற்கைசார் இடர்களையும் சார்புகளையும் தாக்கங்களையும் கண்காணித்து வெளிப்படுத்துவதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. பேச்சுவார்த்தையின்போது வரைவில் இருந்த ‘கட்டாயம்’ என்ற சொல் இறுதி வாசகத்தில் இல்லை. அந்த ஒரு சொல் போனதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

## இடர் எந்த வழிகளில் வருகிறது

முதலாவது பௌதிக இடர். இயற்கை தந்துகொண்டிருந்தது நின்றுபோவது. 2021-இல் தைவானில் அரை நூற்றாண்டுக்கு மேல் காணாத வறட்சி வந்தது. மின்னணுச் சில்லுத் தயாரிப்புக்கு மிகத் தூய்மையான நீர் பேரளவில் வேண்டும். டிஎஸ்எம்சி நிறுவனம் லாரிகளில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தது. ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் நீரைச் சேமிக்க, அரசு பல்லாயிரம் ஹெக்டேர் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தி, உழவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. ஒரே வடிநிலத்தில், அதாவது மழைநீர் ஓர் ஆற்றில் வந்து சேரும் நிலப்பரப்பில், ஆலையும் வயலும் ஊரும் ஒரே நீரைக் குடிக்கின்றன. ஆலைக்குள் நீர் சிக்கனம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அணையில் நீர் இல்லாவிட்டால் அந்தச் சிக்கனம் காப்பாற்றாது.

இரண்டாவது மாற்றக்கால இடர். சட்டமோ சந்தையோ தொழில்நுட்பமோ மாறும்போது, பழைய வழியிலேயே நிற்பவருக்கு வரும் இழப்பு இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை ஒழுங்குமுறை 2023-இல் அமலுக்கு வந்தது. கால்நடை, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும் அவற்றிலிருந்து தயாராகும் பல பொருள்களும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்தவையாக இருந்தால் அந்தச் சந்தையில் விற்க முடியாது. விளைந்த நிலத்தின் புவி ஆயத்தொலைகளையும், அதாவது அது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் இதைப் பின்பற்ற வேண்டிய தேதி மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, அது வருந்தத்தக்கது. ஆனாலும் ‘எந்த நிலம்?’ என்ற கேள்வி சட்டத்துக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது ஒட்டுமொத்த அமைப்பே சரிவது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடிக்கப்பட்டுவந்தது. மீன்வளம் சரிந்ததால் 1992 ஜூலையில் அரசு வணிகப் பிடிப்புக்குத் தடை விதித்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். தற்காலிகம் என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தடை முடிவுக்கு வந்தது 2024-இல்தான், அதுவும் பழைய அளவோடு ஒப்பிட முடியாத சிறு அனுமதியோடு. இயற்கை ஒரே சீராகக் குறைவதில்லை. ஓர் எல்லை வரை தாங்கும், அதைத் தாண்டினால் மொத்தமாகச் சரியும், பிறகு தடையை நீக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். கடந்த ஐந்தாண்டுப் புள்ளிவிவரத்தை நீட்டி அடுத்த ஐந்தாண்டைக் கணிக்கும் வழக்கமான நிர்வாக முறை இங்கே தோற்றுவிடுகிறது.

## கார்பனைப் போல் ஏன் கணக்கிட முடியாது

குழப்பத்தின் மையம் இதுதான்.

ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு எந்த நாட்டுப் புகைபோக்கியிலிருந்து வெளியேறினாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். அதனால் கூட்டலாம், கழிக்கலாம், ஒரே எண்ணில் சொல்லலாம். நீருக்கு அது பொருந்தாது. மழை செழித்த வடிநிலத்தில் ஆயிரம் லிட்டர் எடுப்பதும், நிலத்தடி நீர் வற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் ஆயிரம் லிட்டர் எடுப்பதும் அளவில் சமம், விளைவில் சமம் இல்லை. ஒரு ஹெக்டேர் தைல மரத் தோப்பும் ஒரு ஹெக்டேர் முதிர்ந்த மழைக்காடும் நிலப்படத்தில் ஒரே அளவுதான். அவற்றில் வாழும் உயிர்கள் ஒன்றில்லை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடும் இல்லை.

பருவம்கூடக் கணக்கை மாற்றும். கோடையில் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர், வெள்ளக் காலத்தில் எடுக்கும் அதே அளவு நீரைவிடப் பல மடங்கு பாதிப்பை உண்டாக்கலாம். பறவைகள் கூடு கட்டும் மாதத்தில் புதரை வெட்டுவதும் மற்ற மாதத்தில் வெட்டுவதும் ஒன்றல்ல.

ஆகவே, ‘உலகம் முழுவதும் எங்கள் நீர்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைத்துவிட்டோம்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. நீர் வளமான இடங்களில் எளிதாகக் குறைத்துவிட்டு, வறண்ட இடத்தில் கூடுதலாக உறிஞ்சியிருந்தாலும் மொத்த எண் அழகாகவே வரும். இயற்கைக் கணக்கில் முதல் கேள்வி ‘எவ்வளவு’ என்பதல்ல, ‘எங்கே’ என்பது. இடத்தின் பெயர் இல்லாத எந்த எண்ணையும் நம்ப வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

## நடைமுறையில் என்ன செய்கிறார்கள்

இயற்கைசார் நிதி வெளிப்படுத்தல்களுக்கான பணிக்குழு, சுருக்கமாக டிஎன்எஃப்டி, 2021-இல் தொடங்கப்பட்டது. 2023 செப்டம்பரில் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. நிர்வாகம், உத்தி, இடர் மற்றும் தாக்க மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்ற நான்கு தூண்களின் கீழ் 14 வெளிப்படுத்தல்களைக் கேட்கிறது. முக்கியமான இடங்கள் எவை என்று சொல்வதும், அங்கே வாழும் பழங்குடி மக்களோடும் உள்ளூர்ச் சமூகங்களோடும் எப்படிப் பேசினார்கள் என்று சொல்வதும் அந்த 14-இல் அடக்கம். 2024 ஜனவரியில், இதைப் பின்பற்றுவதாக முதலில் முன்வந்த 320 நிறுவனங்களின் பட்டியல் வெளியானது.

பரிந்துரைகளோடு ‘லீப்’ என்ற நான்கு படி வேலைமுறையையும் அக்குழு தந்திருக்கிறது. ஓர் ஆடைத் தயாரிப்பு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொண்டு அந்தப் படிகளைப் பார்ப்போம்.

1. இடம் காணுதல். தையல் கூடம், சாயப்பட்டறை, நூற்பாலை, பருத்தி வயல் ஆகிய ஒவ்வொன்றும் எந்த வடிநிலத்தில், எந்தக் காட்டோரத்தில், எந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு அருகில் இருக்கிறது என்று நிலப்படத்தில் குறிப்பது. நீர் நெருக்கடியைக் காட்டும் அக்வடக்ட் போன்ற இணைய வரைபடங்கள் இதற்கு உதவுகின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் தடுக்கி விழுவது இந்த முதல் படியில்தான். சாயப்பட்டறை வரை முகவரி இருக்கும். பருத்தி எந்த வயலில் விளைந்தது என்று கேட்டால், இடையில் உள்ள வியாபாரிகள் பல ஊர்ப் பஞ்சைக் கலந்தே விற்றிருப்பார்கள்.

2. மதிப்பிடுதல். அந்த இடங்களில் நிறுவனம் எதைச் சார்ந்திருக்கிறது, எதைப் பாதிக்கிறது. சாயப்பட்டறை நதியின் நீரைச் சார்ந்திருக்கிறது, அதே நதியைக் கழிவுநீரால் பாதிக்கவும் செய்கிறது. எந்தத் தொழில் இயற்கையின் எந்தச் சேவையைச் சார்ந்தது என்பதைத் துறைவாரியாகக் காட்ட என்கோர் என்ற கருவி இருக்கிறது. தொடக்கப் பார்வைக்கு அது போதும். களத்தில் போய்ப் பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

3. இடரை ஆராய்தல். நதியில் நீர் குறைந்தால் எத்தனை நாள் பட்டறை மூடப்படும், வெளியேற்ற விதி கடுமையானால் எவ்வளவு செலவு, பருத்திப் பகுதியில் மண் வளம் கெட்டால் பஞ்சின் விலை என்னவாகும் என்று கணக்கிடுவது.

4. செயலுக்கும் வெளிப்படுத்தலுக்கும் தயாராதல். இலக்கு வைப்பது, பணம் ஒதுக்குவது, பொறுப்பாளரை நியமிப்பது, பின்னர் வெளியில் சொல்வது.

இந்த முறையின் பயனைக் காட்ட ஒரு பழைய கணக்கு உதவும். விளையாட்டுக் காலணி நிறுவனமான பூமா, 2010-ஆம் ஆண்டில் தன்னால் சுற்றுச்சூழலுக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பண மதிப்பாகக் கணக்கிட்டு 2011-இல் வெளியிட்டது. மொத்தம் 14.5 கோடி யூரோ. அதில் நிறுவனத்தின் சொந்த அலுவலகங்கள், கடைகள், கிடங்குகள் முதலியவற்றின் பங்கு 6 சதவீதம்தான். மிச்சம் 94 சதவீதம் விநியோகச் சங்கிலியில் இருந்தது. தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள்கள் உருவாகும் கடைசிக் கண்ணியில் மட்டும் பாதிக்கு மேல். பணத்தில் அளப்பது சரியா என்பது தனி விவாதம். ஆனால் தலைமையகக் கூரையில் சூரியத் தகடு பொருத்துவதோடு வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது என்பதை அந்த 6 சதவீதம் தெளிவாகக் காட்டியது.

## செயலுக்கு ஒரு வரிசை உண்டு

தீங்கைக் கையாள்வதில் நான்கு படிகள் உண்டு: தவிர்ப்பது, குறைப்பது, மீட்பது, எஞ்சியதற்கு வேறிடத்தில் ஈடுசெய்வது. ஒவ்வொரு படியிலும் முடிந்த அளவு செய்த பிறகே அடுத்ததற்கு இறங்க வேண்டும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2012 முதல் நடைமுறைப்படுத்தும் ஆறாவது செயல்திறன் தரம் இந்த வரிசையைக் கடன் பெறும் திட்டங்களுக்கு நிபந்தனையாக்கியது. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான புதிய கட்டுமானத் திட்டங்கள் பல்லுயிர் மதிப்பை முன்பிருந்ததைவிட 10 சதவீதமாவது கூட்டி, அதை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும்.

நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுவதுண்டு. கடைசிப் படியான ஈடுசெய்தல்தான் எளிது. நிழற்படத்துக்கும் அழகாக இருக்கும். ஆனால் வெட்டிய காட்டின் இழப்பு இன்றே நிகழ்கிறது. நட்ட கன்று காடாவதோ பல பத்தாண்டுகள் கழித்து. இடையில் அந்தப் பூச்சிகளும் பறவைகளும் எங்கே போகும்? ஈடுசெய்யும் நிலம் ஆபத்தில் இல்லாத ஏற்கனவே நல்ல காடாக இருந்தால், அதைக் காப்பாற்றியதாகச் சொல்வதிலும் பொருளில்லை. சில இழப்புகளுக்கு ஈடே கிடையாது. ஒரே மலையில் மட்டும் வாழும் தவளைக்கு இன்னொரு மலையைத் தந்து பயனில்லை.

தவிர்ப்பது எப்போது சாத்தியம்? ஆலைக்கு இடம் தேடும்போது, ஒப்பந்தம் எழுதும்போது, பொருளை வடிவமைக்கும்போது. ஆலை எழும்பிய பின் கீழ்ப்படிகள் மட்டுமே மிஞ்சும். அதனால்தான் இந்தப் பணி விளம்பரத் துறையிடமோ அறப்பணிப் பிரிவிடமோ இருந்தால் பயன் தருவதில்லை. இதைச் செய்பவர்கள் உட்கார வேண்டியது இடத் தேர்வுக் குழுவிலும் கொள்முதல் துறையிலும்தான். கொள்முதல் அதிகாரியின் ஊக்கத்தொகை விலைக் குறைப்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படும்வரை, ஆண்டறிக்கையில் எவ்வளவு நல்ல கொள்கை எழுதினாலும் மலிவான பஞ்சுதான் வாங்கப்படும்.

வேலிக்கு வெளியே போய்ச் செய்த நல்ல முயற்சிகளும் உண்டு. பிரான்சின் வித்தெல் ஊற்றுநீர் நிறுவனம், சுற்றுப்புற வயல்களின் உரத்தால் ஊற்றில் நைட்ரேட் கூடுவதை 1980-களின் இறுதியில் கவனித்தது. பொது வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்ந்து, உழவர்களோடு 18 முதல் 30 ஆண்டுகள் வரையிலான ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. மக்காச்சோளச் சாகுபடியை விட்டு மேய்ச்சல் புல்லுக்கு மாறவும், சாணத்தை மக்கவைத்து இடவும் பணமும் தொழில்நுட்ப உதவியும் தந்தது. ஊற்றின் தரம் காக்கப்பட்டது. ஆனால் அதே பகுதியின் ஆழ்நிலத்தடி நீர்மட்டம் குறைந்துவருவது பின்னாளில் பெரிய விவாதமாயிற்று. நீரின் தரத்தைக் காத்தவரிடம் நீரின் அளவைப் பற்றிய கேள்வியும் வந்தே தீர்ந்தது. ஒரே ஓர் அளவுகோலில் வெற்றி பெற்றதும் நின்றுவிட முடியாது.

## யாருக்கு முக்கியம்: ஒற்றைப் பார்வையும் இரட்டைப் பார்வையும்

இயற்கையால் நிறுவனத்துக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்பது ஒற்றைப் பார்வை. நிறுவனத்தால் இயற்கைக்கும் மக்களுக்கும் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்பது இரட்டை முக்கியத்துவப் பார்வை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கையிடல் தரங்கள் இரண்டாவதைக் கேட்கின்றன. பல்லுயிருக்கென்றே அவற்றில் தனித் தரம் இருக்கிறது. ஆனால் 2025-இல், அந்தத் தரங்களின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைக்கும் மாற்றங்களை ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது.

வேறுபாடு வெறும் சொல்லளவில் இல்லை. நிறுவனம் தன் கழிவால் ஒரு சிற்றாற்றைக் கொன்றுவிடலாம்; அந்த ஆற்றை அது சார்ந்திருக்காவிட்டால், வழக்குப் போட யாருக்கும் வசதியில்லாவிட்டால், ஒற்றைப் பார்வையில் இடர் பூஜ்யம். ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அது வாழ்வாதாரமே போவது. இயற்கையைக் காப்பது லாபத்துக்கும் நல்லது என்ற வாதம் பல இடங்களில் உண்மை, எல்லா இடங்களிலும் உண்மையில்லை. உண்மையில்லாத இடங்களுக்குச் சட்டம் வேண்டும். மாண்ட்ரியலில் ‘கட்டாயம்’ என்ற சொல் விடுபட்டதால், எவ்வளவு கடுமையாகக் கேட்பது என்பது அந்தந்த நாட்டு அரசின் மன உறுதியைப் பொறுத்ததாகிவிட்டது.

தன்னார்வ முயற்சிகள் மெதுவாகவே நகர்கின்றன. நிறுவனங்கள் இயற்கைக்கான இலக்குகளை வைக்க வழிகாட்டும் அறிவியல் அடிப்படையிலான இலக்குகளுக்கான வலையமைப்பு, நிலத்துக்கும் நன்னீருக்கும் உரிய வழிமுறைகளை 2023 மே மாதம் வெளியிட்டது. 2024 அக்டோபரில் ஜிஎஸ்கே (மருந்து), ஹோல்சிம் (சிமெண்ட்), கெரிங் (ஆடம்பர ஆடை) ஆகிய மூன்று நிறுவனங்கள் முதன்முதலில் அதன்படி இலக்குகளை அறிவித்தன. ஒரு குறிப்பிட்ட வடிநிலத்தில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை, ஆறு தாங்கும் அளவிலிருந்து தொடங்கிக் கணக்கிடும் முறை அது. கடினமானது, ஆனால் நேர்மையானது.

## ஓர் அறிக்கையைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. இடங்களின் பெயர்கள் இருக்கின்றனவா? ‘முன்னுரிமைப் பகுதிகள் ஆராயப்பட்டன’ என்று மட்டும் இருந்தால், எவை என்று கேட்க வேண்டும்.

2. விநியோகச் சங்கிலியில் எந்தக் கண்ணி வரை போயிருக்கிறார்கள்? சொந்த ஆலை வரைதான் என்றால் பூமாவின் கணக்கை நினைவில் கொள்ளலாம்.

3. செய்த செயலைச் சொல்கிறார்களா, இயற்கையின் நிலையைச் சொல்கிறார்களா? ‘ஐந்தாயிரம் கன்றுகள் நட்டோம்’ என்பது செயல். மூன்றாண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கின்றன, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, ஆற்றில் எந்தெந்த மீன்கள் இருக்கின்றன என்பவை நிலை.

4. அந்த இடத்து மக்களிடம் கேட்டார்களா, அவர்கள் மறுத்த இடத்தில் என்ன நடந்தது?

5. இந்த ஆய்வின் காரணமாக நிறுவனம் எதையாவது கைவிட்டிருக்கிறதா? வாங்காமல் விட்ட நிலம், புதுப்பிக்காமல் விட்ட ஒப்பந்தம், வேறு பாதையில் திருப்பிய குழாய், இப்படி ஒன்றேனும் அறிக்கையில் இருந்தால், மற்ற பக்கங்களையும் பொறுமையாகப் படிக்கலாம்.